பள்ளியின் வகையறிந்து பிள்ளையைச் சேர்ப்போம்

நூல் வாங்கும் விஷயத்தில் நம் அங்கத்தினர்களை எவரும் எளிதில் ஏமாற்றிவிட முடியாது. கட்டின்மேல் ஒட்டியுள்ள சீட்டில் நாற்பதாம் நம்பர் என்றிருக்கிறதா, அறுபதாம் நம்பர் என்றிருக்கிறதா என்று பார்ப்பார்கள். சீட்டை மட்டும் நம்பாமல் ஒரு சிட்டத்தைப் பிரித்து, இழையை விரலில் முறுக்கியும் பார்ப்பார்கள். விவசாய அங்கத்தினர்களும் அப்படியே. விதை மூட்டையில் வெள்ளைச் சீட்டு இருந்தால் ஆதார விதை, நீலச் சீட்டு இருந்தால் சான்று விதை, சீட்டே இல்லாவிட்டால் விற்பவருடைய வாய்ச்சொல்லைத் தவிர வேறு உத்தரவாதம் இல்லை என்பதை அவர்கள் நன்கு அறிவர். ஆனால், பெற்ற பிள்ளையைப் பன்னிரண்டு ஆண்டுக் காலம் ஒப்படைக்கப் போகும் பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்பொழுது மட்டும், இதே மனிதர்கள் வாசலில் தொங்கும் பெயர்ப் பலகையைப் படித்துவிட்டுத் திருப்தியடைந்து விடுகிறார்கள். இது நியாயமன்று. பள்ளிக்கும் ஒரு சீட்டு உண்டு. அதைப் படிக்கத் தெரிந்துகொள்வது பெற்றோரின் கடமையாகும்.

இதன் அவசியத்தை நமக்கு உணர்த்திய நிகழ்ச்சி ஒன்றை முதலில் கூறுவோம். சில ஆண்டுகளுக்கு முன் நெசவாளர் அங்கத்தினர் ஒருவர் தம் மகளின் கல்லூரி விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு சங்க அலுவலகத்திற்கு வந்தார். பெண் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றிருந்தாள். பொறியியல் படிக்க விரும்பினாள். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை அரசுப் பள்ளியில் படித்தவரா என்று விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருந்தது. “ஆம்” என்று எழுதச் சொன்னார் தந்தை. பள்ளிச் சான்றிதழைப் புரட்டிப் பார்த்த காரியதரிசி, “இது அரசு உதவிபெறும் பள்ளி ஆயிற்றே, இல்லை என்றுதான் எழுத வேண்டும்” என்றார். அங்கத்தினர் திகைத்துவிட்டார். “கட்டணமென்று ஒரு காசு கட்டியதில்லை ஐயா. புத்தகம் அரசாங்கம் கொடுத்தது, சைக்கிள் அரசாங்கம் கொடுத்தது, வாத்தியாருக்குச் சம்பளமும் அரசாங்கமே கொடுக்கிறது. பின்னே அது அரசாங்கப் பள்ளிக்கூடம் இல்லையா?” என்று கேட்டார்.

அவர் கூறிய காரணங்கள் யாவும் உண்மையே. எனினும் அவருடைய முடிவு சரியன்று. அந்தப் பெண் ஐந்தாம் வகுப்புவரை நகராட்சிப் பள்ளியில் படித்தவள். ஆறாம் வகுப்பிற்கு நகராட்சி மேல்நிலைப் பள்ளி ஒரு தெருவிலும், உதவிபெறும் பள்ளி அடுத்த தெருவிலும் இருந்தன. இரண்டும் ஒன்றே என்று எண்ணி, வீட்டிற்கு அருகிலிருந்ததில் சேர்த்தார். பள்ளியின்மேல் குறை சொல்வதற்கில்லை. அது நல்ல பள்ளி. பெண்ணும் நன்றாகவே படித்தாள். ஆனால் ஏழு ஆண்டுகளுக்குப் பின்னர், அரசுப் பள்ளி மாணவர்களுக்கென ஒதுக்கப்பட்ட இடங்களுக்கு அவளால் போட்டியிட முடியவில்லை. பொதுப் போட்டியில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்தது. செலவிற்காக அவளுடைய தாயாரின் நகை கூட்டுறவு வங்கியில் அடகிற்குச் சென்றது.

இத்தகைய நிலை இனியொரு அங்கத்தினருக்கு நேராதிருக்க வேண்டுமானால், எந்தப் பள்ளியைப் பற்றியும் நான்கு கேள்விகளைக் கேட்டுப் பழக வேண்டும். பள்ளியை நடத்துபவர் யார்? செலவை ஏற்பவர் யார்? பாடத்திட்டம் எது? பயிற்றுமொழி எது? இந்நான்கும் வெவ்வேறு கேள்விகள். ஒன்றின் விடையைக் கொண்டு மற்றொன்றின் விடையை ஊகித்துவிடக் கூடாது.

நடத்துபவர் யார்?

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி என்னும் பெயருக்குள் பலவகைப் பள்ளிகள் அடங்கும். பள்ளிக் கல்வித் துறை நேரே நடத்துபவை உண்டு. ஊராட்சி ஒன்றியம், நகராட்சி, மாநகராட்சி ஆகியவற்றின் பெயரால் நடப்பவை உண்டு. ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள், பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள், மதுரை, தேனி, திண்டுக்கல் பகுதிகளிலுள்ள கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள், வனத்துறைப் பள்ளிகள் ஆகியனவும் அரசுப் பள்ளிகளே. பெயர்ப் பலகையில் “அரசு” என்னும் சொல் இல்லாவிட்டாலும், அரசுப் பள்ளி மாணவர்க்கான சட்டங்களில் இவை அரசுப் பள்ளிகளாகவே கொள்ளப்பட்டுள்ளன.

இரண்டாவது வகை, அரசு உதவிபெறும் பள்ளி. இதனை நடத்துவது ஓர் அறக்கட்டளையோ, சமயத் திருச்சபையோ, ஊர்ச் சங்கமோ, தனிப்பட்ட நிர்வாகக் குழுவோ ஆகும். அங்கீகரிக்கப்பட்ட பணியிடங்களுக்குரிய ஆசிரியர் ஊதியத்தை அரசு மானியமாக வழங்குகிறது. நிர்வாகம் மட்டும் தனியாரிடம் உள்ளது. நம் மாநிலத்தில் நூறாண்டு கடந்த பல பள்ளிகள் இவ்வகையைச் சேர்ந்தவை. ஏழைப் பிள்ளைகளுக்கு அவை செய்துள்ள தொண்டு பெரிது.

மூன்றாவது வகை, சுயநிதிப் பள்ளி. அரசின் மானியமின்றி, பெற்றோர் செலுத்தும் கட்டணத்தைக் கொண்டு நடைபெறுவது. நர்சரி பள்ளி, மெட்ரிகுலேஷன் பள்ளி, சிபிஎஸ்இ பள்ளி என்று நாம் வழக்கமாகக் கூறும் தனியார் பள்ளிகள் பெரும்பாலும் இவ்வகையினவே.

இவையன்றி மத்திய அரசு நடத்தும் கேந்திரிய வித்யாலயப் பள்ளிகள் உண்டு. 1963-ம் ஆண்டில் தொடங்கப்பட்ட இப்பள்ளிகளில், இடமாற்றத்திற்குட்பட்ட மத்திய அரசு ஊழியர்களின் பிள்ளைகளுக்கே முதன்மை வழங்கப்படுகிறது. அரசாங்கம் நடத்தும் பள்ளியே எனினும், மாநிலச் சட்டங்கள் கூறும் “அரசுப் பள்ளி” என்பதில் இது அடங்காது.

கூட்டுறவு சங்கத்திலே முழு அங்கத்தினர் என்றும் இணை அங்கத்தினர் என்றும் இருவகையினர் இருக்கின்றனர் அல்லவா? இருவரும் சங்கத்திற்கு வருகின்றனர். இருவருடைய பெயரும் பதிவேட்டில் உள்ளது. ஆனால் தேர்தலன்று ஒருவருக்கு வாக்குண்டு, மற்றவருக்கு இல்லை. அரசுப் பள்ளிக்கும் உதவிபெறும் பள்ளிக்கும் உள்ள வித்தியாசமும் அத்தகையதே. அன்றாட வாழ்க்கையில் அது கண்ணுக்குப் புலப்படாது. உரிமை கோரும் நாளில்தான் புலப்படும்.

செலவை ஏற்பவர் யார்?

அரசுப் பள்ளியில் பாடநூல், குறிப்பேடு, மதிய உணவு முதலியன விலையின்றிக் கிடைக்கின்றன. சத்துணவு உண்ணும் பிள்ளைகளுக்கு வழங்கப்படும் சீருடைத் துணியை நெசவாளர் கூட்டுறவு சங்கங்களின் தறிகளில் நெய்வித்தே அரசு பெற்று வந்திருக்கிறது என்பதை நம் அங்கத்தினர்களுக்குச் சொல்ல வேண்டுவதில்லை. உதவிபெறும் பள்ளிகளிலும் இச்சலுகைகளில் பெரும்பாலானவை உண்டு. ஆனால் இங்கே ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். உதவிபெறும் பள்ளிக்குச் சில சலுகைகள் உடனே வருகின்றன, சில பிந்தி வருகின்றன, சில வருவதேயில்லை.

காலை உணவுத் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். 2022-ம் ஆண்டு செப்டம்பர் 15-ம் தேதி தொடங்கப்பெற்ற இது, 2023-ம் ஆண்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் யாவற்றிற்கும் விரிந்தது. ஊரகப் பகுதியிலுள்ள உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்கு 2024-ம் ஆண்டிலும், நகரப் பகுதியிலுள்ளவற்றிற்கு 2025-ம் ஆண்டிலுமே அது வந்து சேர்ந்தது. கல்லூரி செல்லும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டம் 2022-ம் ஆண்டில் தொடங்கியபொழுது, ஆறு முதல் பன்னிரண்டுவரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கே உரியதாயிருந்தது. உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் பயின்ற பெண்களுக்கு அது நீட்டிக்கப்பட்டது 2024-ம் ஆண்டு டிசம்பரில்தான். 2024-ம் ஆண்டு ஆகஸ்டில் ஆண்பிள்ளைகளுக்காகத் தொடங்கிய தமிழ்ப்புதல்வன் திட்டமோ, அரசுப் பள்ளிகளையும் உதவிபெறும் பள்ளிகளின் தமிழ்வழி வகுப்புகளையும் தொடக்கத்திலேயே சேர்த்துக்கொண்டது.

உதவிபெறும் பள்ளிகளைப் பற்றி மற்றொரு எச்சரிக்கையும் தேவை. பல பள்ளிகளில் ஒரே வளாகத்தில், ஒரே பெயரில், உதவிபெறும் பிரிவும் சுயநிதிப் பிரிவும் சேர்ந்து நடக்கின்றன. ஆங்கிலவழி வகுப்புகள் பெரும்பாலும் சுயநிதிப் பிரிவில் இருக்கும். அதற்குக் கட்டணம் உண்டு. ஆதலின் “இது எய்டட் பள்ளிதானே?” என்று கேட்பது போதாது. “என் பிள்ளை சேரும் வகுப்பு உதவிபெறும் பிரிவைச் சேர்ந்ததா?” என்று கேட்க வேண்டும்.

சுயநிதிப் பள்ளிகளின் கட்டணத்திற்கும் வரம்புண்டு. 2009-ம் ஆண்டின் தமிழ்நாடு கட்டண முறைப்படுத்தும் சட்டப்படி, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதியின் தலைமையிலான குழு ஒன்று பள்ளிதோறும் கட்டணத்தை மூன்றாண்டுகளுக்கு நிர்ணயிக்கிறது. அக்குழு நிர்ணயித்த தொகை என்ன என்று கேட்கவும், செலுத்தும் ஒவ்வொரு தொகைக்கும் ரசீது பெறவும் பெற்றோருக்கு உரிமையுண்டு. ரசீதில்லாமல் சங்கத்திற்கு ஒரு ரூபாயும் கட்டாத நாம், பள்ளியில் மட்டும் ஏன் வாய்மூடி நிற்க வேண்டும்?

பாடத்திட்டம் எது?

நம் மக்களிடையே மெட்ரிகுலேஷன் என்றால் உயர்ந்த பாடம் என்றும், அரசுப் பள்ளி என்றால் தாழ்ந்த பாடம் என்றும் ஓர் எண்ணம் இன்னமும் நிலவுகிறது. ஒரு காலத்தில் பாடங்கள் வேறாயிருந்தன என்பது மெய்யே. மாநிலப் பாடத்திட்டம், மெட்ரிகுலேஷன், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என நான்கு பிரிவுகள் இருந்தன. 2010-ம் ஆண்டின் சமச்சீர்க் கல்விச் சட்டம் இந்நான்கையும் ஒன்றாக்கியது. இதுபற்றி எழுந்த வழக்கில் 2011-ம் ஆண்டு ஆகஸ்டு 9-ம் தேதி உச்ச நீதிமன்றம் பொதுப் பாடத்திட்டத்தை நடைமுறைப்படுத்தும்படி தீர்ப்பளித்தது. அதன் பின்னர் மெட்ரிகுலேஷன் என்பது பள்ளி வகையின் பெயராக நிற்கிறதேயன்றித் தனிப் பாடத்திட்டத்தின் பெயராக இல்லை. அரசுப் பள்ளி மாணவனும் மெட்ரிகுலேஷன் பள்ளி மாணவனும் பத்தாம் வகுப்பில் எழுதுவது ஒரே பொதுத்தேர்வேயாகும்.

சிபிஎஸ்இ என்பது மத்திய கல்வி வாரியத்தின் பாடத்திட்டம்; ஐசிஎஸ்இ மற்றொரு அகில இந்திய அமைப்பினுடையது. இவற்றில் சேர்ப்போர் “அங்கீகாரம்”, “இணைப்பு” என்னும் இரு சொற்களின் பொருளை அறிந்திருத்தல் வேண்டும். அங்கீகாரம் என்பது பள்ளியை நடத்துவதற்கு அரசு அளிக்கும் அனுமதி. இணைப்பு என்பது அப்பள்ளியின் மாணவர்கள் தேர்வெழுத அந்த வாரியம் அளிக்கும் ஒப்புதல். சில பள்ளிகள் “சிபிஎஸ்இ முறையில் கல்வி” என்று மட்டும் விளம்பரம் செய்யும். முறையில் கற்பிப்பது வேறு, இணைப்புப் பெற்றிருப்பது வேறு. இணைப்பு எண் என்ன, எந்த வகுப்புவரை இணைப்பு உள்ளது என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். இன்டர்நேஷனல், குளோபல் முதலிய சொற்கள் பெயருக்கு அழகு சேர்ப்பவை. அவற்றால் எந்தத் தகுதியும் ஏற்பட்டுவிடாது.

பயிற்றுமொழி எது?

அரசுப் பள்ளி என்றாலே தமிழ்வழி என்று எண்ணிவிடலாகாது. 2012-ம் ஆண்டு முதல் அரசுப் பள்ளிகளிலும் ஆங்கிலவழிப் பிரிவுகள் பரவலாகத் தொடங்கப்பட்டுள்ளன. எந்தப் பிரிவில் பெயர் பதிவாகிறது என்பதைப் பெற்றோர் கவனித்தல் வேண்டும். ஏனெனில் தமிழ்வழியில் பயின்றவர்களுக்கு, 2010-ம் ஆண்டின் சட்டப்படி, மாநில அரசின் நேரடி நியமனங்களில் நூற்றுக்கு இருபது இடங்கள் முன்னுரிமையாக ஒதுக்கப்பட்டன. பட்டப்படிப்பை மட்டும் தமிழில் படித்தவர்களும் தொடக்கத்தில் இவ்விடங்களைக் கோரினர். 2020-ம் ஆண்டுத் திருத்தமோ பள்ளிப் படிப்பும் தமிழ்வழியில் அமைந்திருக்க வேண்டும் என்று விதித்துவிட்டது. இருபது வயதில் கோரப்போகும் உரிமைக்கு வித்து பள்ளியிலேயே விழுந்துவிடுகிறது.

எந்த மொழியில் பிள்ளை பயில வேண்டுமென்பது பெற்றோர் தீர்மானிக்க வேண்டிய விஷயம். இரண்டிலும் நன்மையுண்டு. தெரியாமல் ஒன்றை இழப்பதுதான் வருந்தத்தக்கது.

ஆறாம் வகுப்பு என்னும் கிளைவழி

தொடக்கப் பள்ளி ஐந்தாம் வகுப்போடு முடிகிறது. நடுநிலைப் பள்ளி எட்டாம் வகுப்போடும், உயர்நிலைப் பள்ளி பத்தோடும், மேல்நிலைப் பள்ளி பன்னிரண்டோடும் முடிகின்றன. எனவே கிராமத்துப் பிள்ளைகளிற் பலர் ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் பள்ளி மாற வேண்டியவராகின்றனர். அந்த மாற்றமே மிக முக்கியமானது.

2020-ம் ஆண்டில் தமிழ்நாடு அரசு இயற்றிய சட்டம், மருத்துவம், பல் மருத்துவம், சித்த மருத்துவம் முதலிய படிப்புகளில் அரசு ஒதுக்கீட்டு இடங்களில் நூற்றுக்கு ஏழரை இடங்களை அரசுப் பள்ளி மாணவர்க்கு ஒதுக்கியது. நீட் தேர்வில் தகுதி பெற்றவர்களாயும், ஆறு முதல் பன்னிரண்டுவரை அரசுப் பள்ளியில் பயின்றவர்களாயும் அவர்கள் இருத்தல் வேண்டும். 2021-ம் ஆண்டில் இதே ஒதுக்கீடு பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. அவ்வாறு பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளில் சேர்வோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்குமென்று அவ்வாண்டில் அறிவிக்கப்பட்டது. மருத்துவ ஒதுக்கீட்டுச் சட்டம் செல்லும் என்று 2022-ம் ஆண்டு ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உதவிபெறும் பள்ளிகளை இச்சட்டம் சேர்த்துக்கொள்ளவில்லை. முதலிற் கூறிய அங்கத்தினரின் மகளுக்கு அடைபட்ட கதவு இதுவே.

ஆறாம் வகுப்பு முதல் என்பதை மறத்தலாகாது. எட்டாம் வகுப்புவரை தனியார் பள்ளியில் கட்டணம் கட்டிப் படிக்க வைத்துவிட்டு, ஒன்பதில் அரசுப் பள்ளிக்கு மாற்றினால் போதுமென்று சிலர் கருதுகின்றனர். அது போதாது. சட்டத்தில் ஒரு விலக்கு மட்டும் உண்டு. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் இட ஒதுக்கீட்டில் எட்டாம் வகுப்புவரை தனியார் பள்ளியில் படித்துவிட்டு, ஒன்பது முதல் பன்னிரண்டுவரை அரசுப் பள்ளியில் பயின்ற பிள்ளைக்கு இவ்வொதுக்கீடு உண்டு.

இருபத்தைந்து சதவிகித இடங்கள்

மேலே கூறிய கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-ம் ஆண்டில் இயற்றப்பட்டு, 2010-ம் ஆண்டு ஏப்ரல் 1-ம் தேதி அமலுக்கு வந்தது. ஆறு முதல் பதினான்கு வயதுவரை உள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் இலவசக் கல்வியை இது உரிமையாக்கியது. சிறுபான்மையோர் நடத்தும் பள்ளிகள் நீங்கலாக, மற்றச் சுயநிதிப் பள்ளிகள் தங்கள் நுழைவு வகுப்பில் நான்கில் ஒரு பங்கு இடத்தை வாய்ப்புக் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அளிக்க வேண்டுமென்றும் விதித்தது. நுழைவு வகுப்பு என்பது அந்தப் பள்ளி எந்த வகுப்பில் தொடங்குகிறதோ அது. எல்கேஜி வகுப்பாயிருக்கலாம், முதல் வகுப்பாயிருக்கலாம். எல்கேஜி சேர மூன்று வயதும், முதல் வகுப்பில் சேர ஐந்து வயதும் ஜூலை 31-ம் தேதிக்குள் நிறைந்திருக்க வேண்டுமென்பது நம் மாநிலத்தில் இவ்வொதுக்கீட்டிற்கு வழங்கிவந்த கணக்கு.

நம் மாநில விதிகளின்படி பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர், ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆகியோரும், ஆதரவற்ற குழந்தைகளும், மாற்றுத்திறனாளிக் குழந்தைகளும் வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவில் விண்ணப்பிக்கலாம். ஆண்டு வருமானம் இரண்டு லட்சம் ரூபாய்க்குக் குறைவான மற்றக் குடும்பங்கள் நலிவடைந்த பிரிவில் விண்ணப்பிக்கலாம். வீடு பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருப்பது முக்கியம். இடங்களைவிட விண்ணப்பங்கள் மிகுந்தால் பெற்றோர் முன்னிலையில் குலுக்கல் நடைபெறும்.

இதில் இரண்டு செய்திகளை நினைவிற் கொள்க. முதலாவது, இச்சலுகை எட்டாம் வகுப்போடு முடிவடைகிறது. ஒன்பதிலிருந்து கட்டணம் பெற்றோரைச் சாரும். அதற்கு இப்பொழுதே திட்டமிட வேண்டும். இரண்டாவது, விண்ணப்பக் காலம் சில வாரங்களே. வழக்கமாகக் கோடைக்காலத்தில் நடைபெறும் இச்சேர்க்கை, 2025-ம் ஆண்டில் மத்திய அரசிடமிருந்து வர வேண்டிய நிதி பற்றிய தகராறினால் அக்டோபர் மாதம்வரை தள்ளிப்போயிற்று. ஆதலின் ஒவ்வோராண்டும் ஏப்ரல் தொடக்கத்திலேயே வட்டாரக் கல்வி அலுவலகத்தில் விசாரித்து வைத்துக்கொள்வது நலம்.

சேர்க்கையின்போது வழங்கும் சொற்கள்

நேர்காணல்: குழந்தையைச் சேர்த்துக்கொள்வதா, தள்ளிவிடுவதா என்று தீர்மானிப்பதற்காகக் குழந்தைக்கோ பெற்றோருக்கோ தேர்வு வைப்பது மேற்படி சட்டப்படி குற்றமாகும். முதல் முறைக்கு 25,000 ரூபாயும், பின்னர் ஒவ்வொரு முறைக்கும் 50,000 ரூபாயும் வரை அபராதம் உண்டு. தந்தைக்கு ஆங்கிலம் தெரியாது என்று பிள்ளையைத் திருப்பியனுப்பும் அதிகாரம் எந்தப் பள்ளிக்கும் இல்லை.

நன்கொடை: அறிவிக்கப்பட்ட கட்டணத்திற்கு மேற்பட்டு, இடம் தருவதற்காகக் கேட்கப்படும் தொகை எப்பெயரில் வந்தாலும் நன்கொடையே. இதுவும் குற்றம். வாங்கிய தொகையைப் போல் பத்து மடங்குவரை அபராதம் விதிக்கலாம்.

மாற்றுச் சான்றிதழ்: ஒரு பள்ளியை விட்டு நீங்கும்போது வழங்கப்படுவது. எட்டாம் வகுப்புவரை, இச்சான்றிதழ் வரத் தாமதமாகிறது என்ற காரணத்தால் அரசுப் பள்ளியோ உதவிபெறும் பள்ளியோ சேர்க்கையை மறுக்கக் கூடாது. கட்டணப் பாக்கியை வசூலிக்கும் கருவியாக மாற்றுச் சான்றிதழைப் பயன்படுத்தலாகாது என்று 2024-ம் ஆண்டு ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் கூறியுள்ளது.

எமிஸ் எண்: மாநிலத்திலுள்ள ஒவ்வொரு மாணவருக்கும் கல்வித் துறை வழங்கும் பதிவெண். பள்ளி மாறினாலும் இது மாறுவதில்லை. மாற்றுச் சான்றிதழைப் பெறும்போது, எண்ணோடு பிள்ளையின் விவரங்களும் பிழையின்றி இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளவும்.

பிறப்புச் சான்றிதழ்: 2023-ம் ஆண்டு அக்டோபர் 1-ம் தேதிக்குப் பின் பிறந்த குழந்தைகளுக்குப் பிறந்த தேதியையும் இடத்தையும் மெய்ப்பிக்கும் ஆவணம் இதுவே. ஆஸ்பத்திரியில் பதிவான சான்றிதழ்கள் பலவற்றில் குழந்தையின் பெயர் இருப்பதில்லை. பிறந்த ஓராண்டிற்குள் பெயரைக் கட்டணமின்றிச் சேர்க்கலாம். பதினைந்து ஆண்டுகள்வரை தாமதக் கட்டணத்துடன் சேர்க்கலாம். எனினும் வயதிற்கான அத்தாட்சி இல்லை என்பதற்காக ஆறு முதல் பதினான்கு வயதுக் குழந்தையைப் பள்ளியில் சேர்க்க மறுப்பதைச் சட்டம் தடுக்கிறது. ஆதார் அட்டை இல்லை என்பதற்காகவும் மறுக்க முடியாது. 2018-ம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் இதனைத் தெளிவுபடுத்தியுள்ளது.

சங்கம் செய்யக்கூடியது

மேலே கூறியவை யாவற்றையும் ஒவ்வோர் அங்கத்தினரும் மனப்பாடம் செய்ய வேண்டுமென்பதில்லை. சட்டங்களும் திட்டங்களும் காலத்திற்குக் காலம் மாறக் கூடியவை. நான்கு கேள்விகளை மட்டும் மறவாமல், சேர்க்கைக்கு முன் தலைமையாசிரியரிடம் நேரில் கேட்டு, விடைகளைத் தேதியுடன் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டால் போதும். எழுதத் தெரியாதவர்களுக்காகச் சங்க அலுவலகத்தில் எழுதிக் கொடுப்பதில் நிர்வாகத்தினருக்குச் சிரமம் ஏதும் இராது. கூலி பட்டுவாடா நாளிலோ, கடன் தவணை கட்டும் நாளிலோ, ஐந்தாம் வகுப்பு முடிக்கும் பிள்ளைகள் எந்தெந்த வீட்டில் இருக்கிறார்கள் என்று ஒரு பட்டியல் தயாரித்துவிட்டால், அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லி வைக்கலாம்.

மற்றொரு கடமையும் உண்டு. அரசுப் பள்ளி எதுவாயினும் அதற்குப் பள்ளி மேலாண்மைக் குழு ஒன்று இருக்க வேண்டும். அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டுமென்பது சட்டம். பொதுச்சபைக் கூட்டத்தில் எழுந்து கணக்குக் கேட்கப் பழகிய கூட்டுறவாளர்களுக்கு இக்குழுவில் அமர்வது புதிய காரியமன்று. அருகிலிருக்கும் அரசுப் பள்ளியில் ஆசிரியர் போதவில்லை, கழிப்பறை சரியில்லை என்று கூறி விலகிப் போவதற்கு முன்னால், அக்குழுவில் ஓரிடம் பெற்று அவற்றைச் சீர்செய்ய முயன்று பார்க்கலாம்.

முதலிற் குறிப்பிட்ட அங்கத்தினருக்கு ஒரு மகனும் உண்டு. அவன் ஐந்தாம் வகுப்பை முடித்த கோடையில், தந்தை இரண்டு தெருக்களிலுமுள்ள இரண்டு பள்ளிகளுக்கும் நேரே சென்று, ஒரு சீட்டில் எழுதிக் கொண்டுபோன கேள்விகளைக் கேட்டுவிட்டு வந்தார். பையன் இப்பொழுது நகராட்சி மேல்நிலைப் பள்ளியில் படிக்கிறான். அப்பள்ளியின் மேலாண்மைக் குழுவில் அவனுடைய தாயார் ஓர் உறுப்பினர்.